கோப்பை இல்லாத பத்து வருஷங்கள்

பில் ஷாங்க்லியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள் பெரும்பாலும் அவரை 1959-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்டு மைதானத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அங்கிருந்துதான் கதையை விஸ்தரிக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் டிவிஷனில் சோர்ந்து கிடந்த ஒரு புராதனக் கழகம், அதைக் கைதூக்கிவிட வந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர், பிறகு வரிசையாக வெற்றிகள் என்று கேட்பதற்கு அது சுகமான கதைதான், பொய்யும் இல்லை. ஆனால் அந்த வாசலில் வந்து நின்றபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. மானேஜர் உத்தியோகத்தில் முழுசாகப் பத்து வருஷத்தைக் கழித்து, நான்கு கழகங்களின் உப்பைத் தின்று, அந்த நான்கிலும் சேர்த்து ஒரு கோப்பையைக்கூடக் கையால் தொடாதவராக இருந்தார். ஜயஸ்தம்பங்களை எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பத்து வருஷம் வெறும் பாலைவனமாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. எமக்கோ, ஷாங்க்லி பின்னால் செய்துகாட்டிய காரியங்கள் அனைத்துக்கும், ஏன், செய்த பிழைகளுக்கும்கூட, வேர் அந்தப் பத்து வருஷத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் அவர் பிறந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்காட்லாந்தின் தென்மேற்கே, அயர்ஷயர் ஜில்லாவின் எல்லையோரத்தில், கிளென்பக் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். கரி தீர்ந்து, சுரங்கங்கள் மூடி, ஜனங்கள் பிழைப்பைத் தேடிப் போய்விட்ட பிறகு அங்கே கிராமம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை. ஆயிரம் பேருக்கு முன்பின்னாக வசித்த அந்தச் சிற்றூர், செர்ரிபிக்கர்ஸ் என்ற தன் உள்ளூர்க் குழுவின் மூலமாக, ஏறக்குறைய ஐம்பது தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர்களை உலகுக்குக் கொடுத்தது என்பது நம்புவதற்குச் சிரமமான, ஆனால் நிரூபணமான விஷயம். அந்த ஊரில் தபால்காரராக இருந்து பிற்பாடு தையற்காரரான ஜான் ஷாங்க்லிக்குப் பத்துக் குழந்தைகள். ஐந்து ஆண், ஐந்து பெண். ஆண்பிள்ளைகள் ஐவரும் தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே ஆனார்கள். கடைக்குட்டிப் பையனாக 1913-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி பிறந்தவர்தாம் வில்லியம், சுருக்கமாகப் பில்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த அந்தப் பையன், முதலில் சில மாதங்கள் மேலே, நிரம்பி வருகிற கரித்தொட்டிகளைக் கவிழ்த்துக் காலிசெய்வதும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவதுமாக இருந்தான். அப்புறம் அடியில் இறக்கிவிடப்பட்டான். இரண்டு வருஷத்தில் சுரங்கம் மூடப்பட்டு வேலை போயிற்று. இந்த இரண்டு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு பெரிய தத்துவங்களை எழுப்புகிறவர்கள் உண்டு. ஷாங்க்லியே பிற்காலத்தில், எல்லாரும் எல்லாருக்காகவும் பாடுபட்டு, பலனில் எல்லாரும் பங்கு பெறுவதுதான் தாம் நம்பும் சோஷலிஸம் என்றும், கால்பந்தைத் தாம் பார்ப்பதும் அப்படியே என்றும் சொல்லிவந்தார். அது இருக்கட்டும். கல்லையும் கரியையும் பிரித்துப் பார்க்கிற கண் அவருக்கு எங்கே வந்தது என்று கேட்டால் சுரங்கத்தின் வாய் என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் சரித்திரக்காரன் அவ்வளவு கவியாக இருக்கக்கூடாது.

அவருடைய தாய்மாமன்மார் இருவர் கால்பந்து உலகத்தில் செல்வாக்கு உள்ளவர்கள். ஒருவர் எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள கார்லைல் யுனைடெட் கழகத்தின் இயக்குநர்களில் ஒருவர். அந்தக் கழகத்தில்தான் 1932-ல் ஷாங்க்லியின் தொழில் ஆரம்பமாயிற்று. ஒரு பருவம் முடிந்ததும் பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்தார் 500 பவுன் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டார்கள். சொன்ன சம்பளம் போதாது என்று முதலில் தயங்கியவரை, பணத்தைப் பார்க்காதே, வாசல் திறக்கிறதே அதைப் பார் என்ற கருத்தில் புத்தி சொல்லிச் சம்மதிக்க வைத்தவர் அண்ணன் அலெக் என்பர்.

பிரெஸ்டனில் அவர் ஆடிய ஸ்தானம் ரைட் ஹாஃப். இன்றைய பேச்சில் நடுக்களத்தின் வலப்புறத்துக் காவலர். எதிராளியின் சூட்சுமமான ஆட்டக்காரனை ஒட்டிக்கொண்டே திரிந்து அவன் காலிலிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்த பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல் தன் பக்கத்து முன்னணியாளன் காலடியில் சுத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் அந்த ஸ்தானத்தின் தர்மம். கோல் போடுகிறவனுக்குக் கிடைக்கிற கரகோஷம் அவனுக்குக் கிடையாது. ஆனால் ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது, யார் மூச்சு வாங்குகிறான், யார் பந்துக்குப் பயப்படுகிறான் என்பதெல்லாம் மைதானத்தின் நடுவே நிற்கிற அவனுக்குத்தான் முதலில் தெரியும். ஆகவே நல்ல பயிற்சியாளர்களில் பலர் இந்த ஸ்தானத்திலிருந்தே கிளம்பினார்கள் என்பதில் விந்தையில்லை. மான்செஸ்டரில் கீர்த்தி பெற்ற மாட் பஸ்பியும் ரைட் ஹாஃப்தான். அவரும் ஸ்காட்லாந்தின் சுரங்கச் சீமையிலிருந்து வந்தவர்தாம்.

1937-ல் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் சண்டர்லாந்திடம் 3-1 என்று தோற்ற பிரெஸ்டன், அடுத்த வருஷமே மறுபடி வெம்ப்ளி மைதானத்துக்கு வந்து, அதிகப்படி நேரத்தின் கடைசி நிமிஷத்தில் ஜார்ஜ் மட்ச் அடித்த பெனால்டியால் ஹட்டர்ஸ்ஃபீல்டைத் தோற்கடித்தது. அதே 1938-ல் ஷாங்க்லி ஸ்காட்லாந்தின் சட்டையை முதன்முறை அணிந்து, வெம்ப்ளியிலேயே இங்கிலாந்தை வென்றார். ஐந்து சர்வதேச ஆட்டங்கள் ஆகி, வயது இருபத்தாறை எட்டும் தறுவாயில், ஓர் ஆட்டக்காரனின் உடம்பு உச்சநிலையில் இருக்கும் சமயத்தில், யுத்தம் வந்து லீகை நிறுத்திவிட்டது. ஆறேழு வருஷம் ராஜரீக விமானப்படையில் கழிந்தது. திரும்பி வந்து, தமக்கு வலப்புறம் டாம் ஃபின்னி என்ற அபூர்வக் கலைஞர் ஆடக் கண்டு மகிழ்ந்திருந்தவர், 1949 மார்ச்சில் ஆட்டத்துக்கு விடை கொடுத்துவிட்டுக் கார்லைல் கழகத்துக்கே மானேஜராகப் போனார். பதினாறு வருஷம் உழைத்த கழகம், அவர் புறப்படுகிறார் என்றதும், மரியாதைக்காக நடத்தவேண்டிய நிதியாட்டத்தை மறுத்துவிட்டது. அந்தக் காயம் அவருக்கு வெகுகாலம் ஆறவில்லை. கழக இயக்குநர்கள் என்ற ஜாதியைப் பற்றி ஷாங்க்லிக்கு இருந்த அவநம்பிக்கைக்கு அன்றுதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது.

இனி அந்தப் பத்து வருஷம்.

கார்லைல் மூன்றாம் டிவிஷனின் வடபிரிவில் கிடந்த ஏழைக் கழகம். அங்கே அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று விசித்திரமானது. சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில், ஆரம்பத்துக்குச் சற்று முன்பு ஒலிபெருக்கியின் முன்னால் தாமே போய் உட்கார்ந்து, சென்ற வாரம் அணி எப்படி ஆடிற்று, இந்த வாரம் யாரை எடுத்தோம், யாரை நிறுத்தினோம், ஏன் என்று கூடியிருந்த ஜனங்களுக்கு விளக்கம் சொல்லுவார். டிக்கெட்டு வாங்கி வந்த தொழிலாளிக்கு மானேஜர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அந்நாளைய சம்பிரதாயத்தில் எங்கும் இல்லாத சங்கதி. ஆன்ஃபீல்டின் காப் என்ற மேடையில் நின்று பாடிய ஆயிரக்கணக்கான ஜனங்களோடு பின்னாளில் அவருக்கு ஏற்பட்ட உறவை ஏதோ மந்திர சக்தி என்று வியக்கிறவர்கள், கார்லைல் மைதானத்தில் கரகரத்த அந்த ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1951 ஜனவரியில் கார்லைல், லண்டனுக்குப் போய் அர்செனலை அதன் சொந்த மைதானத்தில் கோல் இல்லாமல் சமன் செய்தது; திரும்ப ஆடியபோது 4-1 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் லீகில் மூன்றாம் இடம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வெகுமதி தருவதாக ஆட்டக்காரர்களுக்குச் சொல்லியிருந்த நிர்வாகம் பிறகு கைவிரிக்கவே, ஷாங்க்லி ராஜிநாமா செய்தார்.

அதே 1951-ல் லிவர்பூல் கழகம் அவரை நேர்காணலுக்கு அழைத்தது என்பது பலர் அறியாதது. அந்தக் காலத்தில் அங்கே அணியைத் தேர்ந்தெடுப்பது இயக்குநர்கள் கையில் இருந்தது. யார் ஆடுவது என்பதைத் தீர்மானிக்க முடியாத மானேஜர் எதற்கு என்பது ஷாங்க்லியின் கேள்வி. உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. ஷாங்க்லி மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பிக்குப் போனார்.

கிரிம்ஸ்பி அத்தியாயம்தான் எமக்கு மிகவும் போதனை தருவதாகப் படுகிறது. கீழிறங்கிக்கொண்டே வந்த அந்தக் கழகத்தை முதல் பருவத்திலேயே இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அணி ஆடிய அழகைப் பற்றி வயதான காலத்திலும் பெருமையாகப் பேசுவார். ஆனால் மேலே போகத் தகுதி பெற்றது முதலிடத்துக்கு வந்த ஒரே கழகம்தான். அணியில் பலருக்கு வயதேறிக்கொண்டிருந்தது. தமக்காக உழைத்தவர்களை விலக்கி இளைஞர்களை ஏற்றுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. பணம் கேட்டால் நிர்வாகத்திடம் இல்லை. விசுவாசத்துக்கு விசுவாசம் என்ற இந்தச் சுபாவம் மனிதனுக்குப் பூஷணம். மானேஜருக்குச் சில சமயம் விலங்கு. இந்த விலங்கு பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, ஆன்ஃபீல்டில், மறுபடி அவர் காலில் விழப்போவதை மேலே பார்ப்போம்.

1954 ஜனவரியில் ஒர்க்கிங்டன். கம்பர்லாந்துக் கடற்கரையிலே கரியும் இரும்புமாகப் பிழைக்கும் சிறுநகரம். லீகின் கடைசிப் படிக்கட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் கழகம். ரக்பி விளையாடுகிறவர்களோடு பங்கு போட்டுக்கொண்ட மைதானம். அவர்கள் ஆடி முடித்தபின் தரை உழுத வயல்போல் கிடக்கும். காரியாலயத்தில் டெலிபோன் மணி அடித்தால் எடுப்பதும் மானேஜர். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, பழைய டைப்ரைட்டர் ஒன்றின் முன் அமர்ந்து பதில் அடிப்பதும் மானேஜர். வாரம் ஒருமுறை பாங்குக்கு நடந்துபோய் ஆட்டக்காரர்களின் சம்பளப் பணத்தை வாங்கி வருவதும் மானேஜர். இவ்வளவுக்கும் நடுவே அணியை எட்டாம் இடத்துக்கு உயர்த்தினார். வேறொருவர் இதை அவமானமாகக் கருதியிருக்கக்கூடும். ஷாங்க்லியோ, ஐரோப்பா முழுதும் பேர் தெரிந்த மனிதரான பின்னரும், ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குத் தம் கையாலேயே டைப் அடித்துப் பதில் போடும் வழக்கத்தை விடவில்லை.

பிறகு ஹட்டர்ஸ்ஃபீல்டு. பழைய பிரெஸ்டன் சகாவான ஆண்டி பீட்டியின் கீழே உதவியாளராகச் சேர்ந்து, ஒரு வருஷத்தில், 1956 நவம்பரில், அவர் ஸ்தானத்துக்கே வந்தார். அபர்டீனிலிருந்து வந்திருந்த, கண்ணில் மாறுகண்ணும் மூக்கில் கண்ணாடியுமாக, எலும்பும் தோலுமாக நின்ற டெனிஸ் லா என்ற சிறுவனுக்கு மாட்டிறைச்சியும் பாலும் கொடுத்து உடம்பைத் தேற்றி, பதினாறு வயதில், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், முதல் அணியில் இறக்கினார். பின்னர் 1966-ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் இடப்புறக் காவலரான ரே வில்சனும் அந்தப் பாசறையில் வளர்ந்தவர்தாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அருகிலிருந்த திடலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு மானேஜரே பந்தாடுவது வழக்கம். அதிலும் தோற்கப் பிரியப்படமாட்டார்.

ஆனால் ஹட்டர்ஸ்ஃபீல்டில் அவர் கண்ட தோல்வி ஒன்று கால்பந்துச் சரித்திரத்திலேயே இடம் பெற்றுவிட்டது. 1957 டிசம்பர் 21-ந் தேதி, லண்டனில் சார்ல்டன் அணிக்கு எதிராக ஆட்டம். எதிரணியில் ஒருவர் தோள் மூட்டு விலகி வெளியேறிவிட்டார். மாற்றாள் இறக்கும் விதி அந்நாளில் இல்லை. பத்துப் பேரை எதிர்த்து ஆடிய ஹட்டர்ஸ்ஃபீல்டு, அரைமணிக்கும் குறைவான நேரம் மீதியிருக்கையில் 5-1 என்று முன்னணியில் நின்றது. அந்த ஆட்டத்தில் மொத்தம் ஐந்து கோல் போட்ட ஜானி சம்மர்ஸ் என்ற முன்னணியாளரின் பலத்தில் சார்ல்டன் அங்கிருந்து எழுந்துவர, ஆட்டம் 6-6 ஆகி, கடைசி நிமிஷத்தில் 7-6 என்று சார்ல்டனுக்கு முடிந்தது. ஆறு கோல் போட்டும் தோற்ற அணி என்ற விபரீதக் கீர்த்தி ஷாங்க்லியின் அணிக்குத்தான். ஜயிக்கிற நிலையிலிருக்கும் எதிரியைக் காட்டிலும், தாம் ஜயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் தம் ஆட்களிடம் அவருக்குப் பின்னாளில் அச்சம் அதிகமாக இருந்ததென்றால், அதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

ஹட்டர்ஸ்ஃபீல்டிலேயே அவர் இரண்டு ஸ்காட்லாந்து இளைஞர்களைக் கண்ணில் வைத்திருந்தார்: ஒருவர் மதர்வெல் கழகத்தின் முன்னணியாளர் இயன் செயிண்ட் ஜான், மற்றவர் டண்டீ யுனைடெட் கழகத்தின் நடுக்காவலர் ரான் யேட்ஸ். வாங்கித் தாருங்கள் என்றார். கையில் பணமில்லை என்றார்கள். 1959 நவம்பர் 28-ல் ஹட்டர்ஸ்ஃபீல்டு லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்தது. சில தினங்களில் தோற்றவர்களிடமே மானேஜராகப் போய்ச் சேர்ந்தார் ஷாங்க்லி. இம்முறை அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் தம்முடையது என்பதைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகே.

லிவர்பூல் அப்போது இருந்த கோலத்தைச் சொன்னால் இன்றைய ரசிகர்கள் நம்பமாட்டார்கள். அவ்வருஷ ஆரம்பத்தில்தான் லீகில் இடமே இல்லாத வொர்ஸ்டர் சிட்டி என்ற சிறு கழகத்திடம் எஃப்.ஏ. கோப்பையில் தோற்றிருந்தார்கள். மெல்வுட் என்ற பயிற்சித் திடல் புதர் மண்டிக் கிடந்தது. ஷாங்க்லியின் முதல் ஆட்டத்தில் கார்டிஃப் அணி ஆன்ஃபீல்டுக்கே வந்து 4-0 என்று அடித்துவிட்டுப் போயிற்று. புது மானேஜர் வந்தால் பழைய சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஷாங்க்லியோ பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகியோரை அழைத்து, இருந்த இடத்திலேயே இருங்கள், விசுவாசம் மட்டும் வேண்டும் என்றார். ஆட்டக்காரர்கள் விஷயத்தில் அந்தத் தாட்சண்யம் இல்லை. ஏறக்குறைய இருபத்துநாலு பேர் ஒரு வருஷத்துக்குள் வெளியேறினார்கள்.

சற்று நின்று மெல்வுட்டைப் பார்க்கலாம். நான்கு பக்கமும் பலகைச் சுவர் எழுப்பிய ஓர் அடைப்பு. நடுவே ஒரு ஆட்டக்காரன். பலகையில் மோதித் திரும்பும் பந்தை ஒரே தொடுதலில் அடக்கி, திரும்பி, எதிர்ப் பலகைக்கு அனுப்பி, அது வருமுன் மறுபடி தயாராகவேண்டும். இரண்டு நிமிஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும். வியர்வைப் பெட்டி என்று ஆட்டக்காரர்கள் இதற்குப் பெயரிட்டிருந்தார்கள். பிரெஸ்டனில் டாம் ஃபின்னி பயிற்சி செய்வதைப் பார்த்து உதித்த யோசனை இது. அதன் பிறகு ஐவருக்கு ஐவராகச் சிறிய ஆட்டங்கள்: பந்தை வாங்கு, கொடு, காலி இடத்துக்கு நகரு. மலையேற்றம், நெடுந்தூர ஓட்டம் என்ற பழைய தண்டனைகள் அங்கே கிடையாது. ஆன்ஃபீல்டில் உடை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் மெல்வுட்டுக்குப் போய், பயிற்சி முடிந்தபின் அப்படியே பஸ் ஏறி ஆன்ஃபீல்டுக்கு வந்துதான் குளிக்கவேண்டும் என்று ஒரு நியதி. சூடேறிய உடம்பு மெல்லத் தணிந்த பிறகே தண்ணீர் படவேண்டும் என்பது தாத்பரியம். 1965-66 பருவத்தில், 42 லீக் ஆட்டங்களுக்கு மொத்தம் 14 ஆட்டக்காரர்களை மட்டுமே உபயோகித்து லிவர்பூல் பட்டத்தை வென்றதைப் பார்க்கும்போது, இந்த நியதியைப் பரிகசிக்கத் துணிவு வரவில்லை.

ஆன்ஃபீல்டில் பூட்ஸ்களை அடுக்கி வைக்கும் ஒரு குறுகலான அறை. கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டிகளே நாற்காலிகள். பெய்ஸ்லியும் ஃபேகனும் அங்கே உட்கார்ந்து ஆட்டத்தை அலசுவார்கள். தோற்றுப்போன எதிரணி மானேஜரையும் அழைத்துக் குடிக்கக் கொடுத்து, அவர் அறியாமலே நாலு விஷயங்களைக் கறந்துகொள்வார்கள். பயிற்சியின் விவரங்களைத் தினந்தோறும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதும் உண்டு. இந்த அறைக்கு ஸ்தாபகர் என்று ஷாங்க்லியைச் சொல்வது பாதிதான் சரி. அவர் அங்கே அதிகம் உட்கார்ந்தவரல்லர். தம்மைக் காட்டிலும் நுணுக்கமாக யோசிக்கிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் காரியத்தில் தலையிடாதிருந்ததுதான் அவர் செய்த உபகாரம். ஒர்க்கிங்டனில் எல்லா வேலையையும் தாமே செய்து பார்த்தவருக்குத்தான் எதை மற்றவரிடம் விடலாம் என்பது தெரியும்.

1961-ல் செயிண்ட் ஜானை 37,500 பவுனுக்கும், தொடர்ந்து யேட்ஸையும் ஒருவாறு வாங்கிவிட்டார்கள். ஆறடிக்குமேல் வளர்ந்த யேட்ஸை நிறுத்திவைத்துப் பத்திரிகைக்காரர்களை அவரைச் சுற்றிவந்து பார்க்கச் சொன்னது ஷாங்க்லியின் குறும்பு. 1962 வசந்தத்தில் லிவர்பூல் இரண்டாம் டிவிஷனை வென்று மேலேறியது. அதே வசந்தத்தில், வடக்கே, அவர் அண்ணன் பாப் ஷாங்க்லியின் பயிற்சியில் டண்டீ கழகம் ஸ்காட்லாந்து லீகையே வென்றது. தம்பியின் நிழலில் அண்ணனின் கீர்த்தி மங்கிப்போனது நியாயமன்று என்று சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

1964-ல் லீக் பட்டம். 1965 மே மாதம் முதல் தேதி, லீட்ஸை 2-1 என்று வென்று, கழகம் அதுவரை கண்டிராத எஃப்.ஏ. கோப்பை. அந்த ஆட்டத்தில் ஜெரி பர்ன் என்ற காவலருக்கு ஆரம்ப நிமிஷங்களிலேயே காறை எலும்பு முறிந்தது. முறிந்தது எதிரிக்குத் தெரியாதபடி, அதிகப்படி நேரமும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆடி, ரோஜர் ஹண்ட் போட்ட முதல் கோலுக்குப் பந்து அனுப்பியவரும் அவரே; வெற்றி கோலைப் போட்டவர் செயிண்ட் ஜான். மூன்று நாள் கழித்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலியின் இன்டர் அணி ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது, ஆட்டம் தொடங்குமுன், காயத்தால் ஆட முடியாத பர்னையும் கோர்டன் மில்னையும் புதிய கோப்பையோடு மைதானத்தைச் சுற்றிவர அனுப்பினார் ஷாங்க்லி. அரங்கம் அதிர்ந்ததில் இன்டர் ஆடிப்போய் 3-1 என்று தோற்றது. மிலான் நகரத்தில் மறுபாதி 3-0 என்று அவர்கள் பக்கம் முடிந்தது. அங்கே ரெஃப்ரி ஒப்புக்கொண்ட இரண்டு கோல்களைப் பற்றி லிவர்பூல்காரர்கள் இன்றும் பொருமுகிறார்கள்.

ஆட்டக்காரர்களின் மனத்தைக் கையாள்வதில் அவருக்கு இருந்த சாமர்த்தியத்துக்கு, பிற்காலத்தில் அவர் அணியில் ஆடிய கெவின் கீகன் சொல்லும் சம்பவம் ஒன்று போதும். வெஸ்ட் ஹாம் அணி வந்திறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கிலாந்தின் தலைவரான பாபி மூர் தூக்கமில்லாமல் கண்வீங்கி நொண்டி நடக்கிறார் என்று கீகனிடம் உற்சாகமாகச் சொன்னார் ஷாங்க்லி. ஆட்டத்தை ஜயித்துவிட்டு வந்ததும், இன்று நீ எதிர்த்து ஆடிய அந்த மூரைப்போல ஒரு ஆட்டக்காரனை ஆயுளில் பார்க்கமாட்டாய் என்றாராம். முதலில் சொன்னது பையனின் பயம் தெளிய. பின்னால் சொன்னது அவன் வெற்றி பெரிதாக.

ஆயினும் 1966-க்குப் பிறகு ஏழு வருஷம் ஒரு கோப்பையும் வரவில்லை. இதை அவருடைய பக்தர்கள் மென்று விழுங்குவார்கள். கிரிம்ஸ்பியில் கண்ட அதே விலங்குதான். பட்டம் வென்று தந்தவர்களுக்கு வயதேறுவதைக் கண் பார்த்தது, மனம் ஒப்பவில்லை. 1970 பிப்ரவரியில், இரண்டாம் டிவிஷனின் வாட்ஃபோர்டு அணி கோப்பையின் கால் இறுதியில் 1-0 என்று தோற்கடித்த பிறகே விலங்கை உடைத்தார். செயிண்ட் ஜான், யேட்ஸ் முதலியோர் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். கீழ் டிவிஷன் கழகமான ஸ்கந்தார்ப்பிலிருந்து முன்னமே வாங்கிவைத்திருந்த கோல்காவலர் ரே கிளெமென்ஸும், பிற்பாடு அங்கிருந்தே வந்த கீகனும் அணியில் இடம் பெற்றார்கள். தாமே கீழ் டிவிஷன்களில் வருஷக்கணக்கில் அலைந்தவராதலால், அங்கே கிடக்கும் ரத்தினங்களை அடையாளம் காண்பதில் அவருக்கு மனத்தடை இருந்ததில்லை.

1973-ல் லீக் பட்டமும் யூஃபா கோப்பையும் சேர்ந்து வந்தன. இறுதியாட்டத்தின் முதல் பாதி, ஜெர்மனியின் பொருஸ்ஸியா மன்ஷன்கிளாட்பாக் அணியோடு ஆன்ஃபீல்டில் ஆரம்பித்து, அடாத மழையால் அரைமணிக்குள் நிறுத்தப்பட்டது. அந்தச் சிறிது நேரத்தில், உயர வரும் பந்துக்கு ஜெர்மானியர் தடுமாறுவதை லிவர்பூல் பாசறை கவனித்துவிட்டது. மறுநாள் நெட்டையரான ஜான் டோஷாக் அணியில் இருந்தார். அவர் தலையால் தட்டிக்கொடுக்கக் கீகன் இரண்டு கோல் போட, 3-0. ஜெர்மனியில் 2-0 என்று தோற்றும் கோப்பை கிடைத்தது. 1974-ல் நியூகாசிலை 3-0 என்று வென்று மீண்டும் எஃப்.ஏ. கோப்பை. அந்த ஜூலை 12-ந் தேதி, பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, தாம் விலகுவதாக அறிவித்துவிட்டார். அறுபது வயது, களைப்பு என்றார்.

வாழ்வு சாவையும்விடக் கால்பந்து பெரிது என்ற பொருளில் அவர் பெயரால் வழங்கும் வாசகத்தைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். 1981-ல் டெலிவிஷன் உரையாடல் ஒன்றில் அந்தக் கருத்தைச் சொன்ன அதே மூச்சில், இந்தப் பைத்தியத்தால் தம் குடும்பம் பட்ட கஷ்டத்தையும் வருத்தத்தோடு அவர் ஒப்புக்கொண்டார் என்பதை எந்தச் சட்டையிலும் காணோம். மனைவி நெஸ்ஸிக்கு அமைதி தரவேண்டும் என்று விலகியவர், சில வாரத்திலேயே மெல்வுட்டுக்குப் பயிற்சிக்கு வந்து நின்றார். ஆட்டக்காரர்கள் அவரையே தலைவரென்று விளித்தார்கள். புது மானேஜரான பெய்ஸ்லிக்குத் தர்மசங்கடம். வராதிருந்தால் நலம் என்பது ஜாடையாகத் தெரிவிக்கப்பட்டது. அப்புறம், வீட்டுக்கு அருகிலேயே இருந்த, பரம வைரிகளான எவர்ட்டன் கழகத்தின் பயிற்சித் திடலில் போய் ஓடிக்கொண்டிருந்தார், அவர்கள் வரவேற்றார்கள். மான்செஸ்டரில் பஸ்பிக்கு இயக்குநர் ஆசனம் கொடுத்தார்கள். லிவர்பூலில் ஷாங்க்லிக்குக் கொடுக்கவில்லை. பெய்ஸ்லியின் நிலையை எண்ணினால் நிர்வாகத்தின் தயக்கம் புரிகிறது. மன்னிக்கத்தான் மனம் வரவில்லை. 1981 செப்டம்பர் 29-ந் தேதி, மாரடைப்பால், அறுபத்தெட்டாம் வயதில் அவர் காலமானார்.

பெய்ஸ்லி ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். ஃபேகன் அதே அறையிலிருந்து எழுந்து வந்து இன்னொன்று வென்றார். ஆன்ஃபீல்டின் வாயிற்கதவுக்கு ஷாங்க்லியின் பெயர், காப் மேடைக்கு வெளியே சிலை. பிரெஸ்டனிலும், நிதியாட்டத்தை மறுத்த கழகம், மைதானத்தின் ஒரு மேடைக்கு அவர் பெயரை வைத்துக் கடனைத் தீர்த்துக்கொண்டது. அவருடைய சரித்திரத்தை இனி எழுதுகிறவர்கள் ஒர்க்கிங்டனுக்கும் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கவேண்டும் என்பது எம் விண்ணப்பம். 1977 மே மாதம் ரோமாபுரியில் லிவர்பூல் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதே கோடையில், மற்றக் கழகங்கள் அளித்த வாக்கினால் ஒர்க்கிங்டன் லீகிலிருந்து நீக்கப்பட்டது, அதன் இடத்தில் விம்பிள்டன் சேர்த்துக்கொள்ளப்பட்டது.